பஸ்டர் கீட்டனைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பேசும் படம் வந்தது, பஸ்டர் கீட்டன் வீழ்ந்தார்." மௌனப் படக் காலத்தின் நகைச்சுவை நாயகரான இந்த அமெரிக்க நடிகரின் வாழ்க்கையை எழுதுபவர்களில் பலர் இந்த ஒரு வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். அவருக்கு இழைக்கப்படும் அநீதிகளில் இதுதான் பெரியது என்பேன்.

கீட்டன் 1895இல் கான்சாஸ் மாநிலத்தின் பிக்குவா என்ற சிற்றூரில், ஊர் ஊராகச் சென்று மேடையேறும் நடிகத் தம்பதிக்குப் பிறந்தவர். நடை பழகிய வயதிலிருந்தே மேடையில் வளர்ந்தவருக்கு வசனம் பேசுவதில் என்ன அச்சம் இருக்க முடியும்? கனத்த, கரகரப்பான குரல் அவருடையது. சிரிப்பே காட்டாத அந்த முகத்துக்குப் பொருந்திய குரல். 1929இல் வந்த 'ஸ்பைட் மேரேஜ்' படத்தைப் பேசும் படமாகவே எடுக்க விரும்பியவர் அவர், மறுத்தது ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோவான எம்.ஜி.எம். நிறுவனம். 1930 முதல் அங்கே அவர் நடித்த பேசும் படங்கள் நன்றாகவே வசூலித்தன. தரத்தில்தான் அவை சரிந்தன.

சரிவுக்கான காரணத்தை 1928இல் தேட வேண்டும். அதுவரை தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்கின் ஆதரவில் கீட்டனுக்கென்று ஒரு சிறிய ஸ்டூடியோ இருந்தது. எழுதி முடித்த திரைக்கதை அங்கே கிடையாது. தொடக்கமும் முடிவும் தெரிந்தால் படப்பிடிப்பு தொடங்கிவிடும். நடுப்பகுதி வேலையின் போக்கில் உருவாகும். யோசனை தடைபட்டால் குழுவினர் அனைவரும் பேஸ்பால் ஆடப் போய்விடுவார்கள். அந்த ஆட்டத்துக்கு நடுவே எவருக்காவது ஒரு வழி தோன்றும். ஷெங்க் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு அவரை எம்.ஜி.எம்.மிடம் ஒப்படைத்தார். போக வேண்டாம் என்று சக நகைச்சுவை நடிகர்களான சாப்ளினும் ஹெரால்டு லாயிடும் எச்சரித்தார்கள். அவர் போனார். தம் வாழ்க்கையின் மிக மோசமான தவறு அது என்று பின்னாளில் அவரே எழுதினார். எல்லாவற்றையும் முன்கூட்டியே தாளில் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டிய இடத்தில், செய்துபார்த்துக் கண்டுபிடிக்கும் கலைஞருக்கு என்ன வேலை? அங்கே அவர் நடித்த முதல் படமான 'தி கேமராமேன்' அருமையாக அமைந்தது உண்மை. அடுத்தடுத்த படங்களில் அந்தச் சுதந்திரம் தேய்ந்துகொண்டே போனது.

ஆகவே குடியை முதற்காரணமாக்கி எழுதாதீர்கள். குடி இருந்தது, கடுமையாகவே இருந்தது. 1932இல் நடாலி டால்மட்ஜுடனான மணவாழ்வு முறிந்தது. 1933இல் எம்.ஜி.எம். அவரை வேலையை விட்டு நீக்கியது. ஆனால் இவையெல்லாம் படைப்பின் கடிவாளம் கைநழுவிய பிறகு நடந்தவை.

அதே இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, 'வறுமையில், மறக்கப்பட்டு மறைந்தார்' என்று எழுதுவது அடுத்த தவறு. 1940இல் எலினோர் நாரிஸை மணந்தார். அந்த மணவாழ்வு அவர் சாகும்வரை நீடித்தது. பிறர் படங்களுக்கு நகைச்சுவைக் காட்சிகளை யோசித்துக் கொடுத்தார்; பாரிஸின் மெட்ரானோ சர்க்கஸில் ஆடினார்; தொலைக்காட்சியில் புதிய ரசிகர்களைப் பெற்றார். கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. 1965 வெனிஸ் திரைப்பட விழாவில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. 1966 பிப்ரவரியில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தபோது சொந்த வீட்டில்தான் இருந்தார். 1957இல் வெளிவந்த அவரது வாழ்க்கைப் படத்தின் உரிமைக்காகக் கிடைத்த பணத்தில் வாங்கிய வீடு அது. அந்தப் படத்தை மட்டும் ஆதாரமாகக் கொள்ளவே கூடாது. உண்மையோடு அதற்கு இருக்கும் உறவு மிகவும் குறைவு.

இன்றைய புகழை அன்றைய வெற்றியாகக் கருதுவதும் பரவலான பிழை. 1926இல் உருவான 'தி ஜெனரல்' இன்று அவரது தலைசிறந்த படைப்பாகக் கொண்டாடப்படுகிறது. ஓரிகான் மாநிலத்தில் ஓர் உண்மையான ரயில் எஞ்சினையே பாலத்தோடு ஆற்றில் விழவைத்து எடுத்த படம். வெளிவந்தபோது விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். செலவுக்கு ஏற்ற வசூலும் வரவில்லை.

சாகசக் காட்சிகளைப் பற்றி எழுதும்போது நிதானம் தேவை. அவர் டூப் போட்டதே இல்லை என்பது தவறு. 'காலேஜ்' படத்தில் கோலூன்றித் தாண்டி மாடி ஜன்னலுக்குள் நுழைபவர் ஒலிம்பிக் தங்கம் வென்ற லீ பார்ன்ஸ். மறுபக்கம், 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழும் காவலருக்காகக் கீட்டனே விழுந்தார்! அதே படத்தில் ரயில்வே தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய தண்ணீரின் வேகத்தில் தண்டவாளத்தில் மோதிக் கழுத்தெலும்பு முறிந்ததும், பல ஆண்டுகள் கழித்தே அது தெரிந்ததும் உண்மைதான். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் வீட்டின் முகப்புச் சுவர் அப்படியே அவர்மேல் சாய, ஜன்னல் திறப்பின் வழியே அவர் தப்புகிறாரே, அதை அதிர்ஷ்டம் என்று எழுதாதீர்கள். அங்குலக் கணக்கில் அளந்து, நிற்கும் இடத்தைக் குறித்துவைத்துச் செய்த வேலை அது.

'பஸ்டர்' என்ற பெயரை வைத்தவர் மாயவித்தைக்காரர் ஹூடினி என்ற கதையைக் கீட்டனே சொல்லிவந்தார். ஆனால் பழைய செய்தித்தாள்களில் அவர் தந்தை குறிப்பிடுவது வேறொரு நடிகரை. கதையைச் சொல்லலாம், கீட்டன் சொன்னதாக மட்டும்.

அவர் திரையில் சிரித்ததே இல்லை என்று எழுதுவதற்கு முன், நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளோடு 1917இல் நடித்த 'கோனி ஐலண்ட்' படத்தைப் பாருங்கள். அதில் வாய்விட்டுச் சிரிக்கிறார்.