நறுமண எண்ணெயை அப்படியே தோலில் தடவாதீர்கள்

லாவெண்டர், டீ ட்ரீ போன்றவை நீராவியில் வடித்தெடுத்த, செறிவு மிகுந்த எண்ணெய்கள். நேரடியாகத் தடவினால் எரிச்சலும் ஒவ்வாமையும் வரலாம். 30 மி.லி. தேங்காய் அல்லது பாதாம் எண்ணெயில் 12 சொட்டு கலந்தால் சுமார் 2 சதவீதம். உடம்புக்கு அது தாராளம். முகத்துக்கு 6 சொட்டு போதும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

குளிக்கும் தண்ணீரில் சொட்டு விடுவதுதான் பலர் செய்யும் தவறு. எண்ணெய் கரையாமல் மிதந்து, செறிவு குறையாமலே தோலில் ஒட்டிக்கொள்ளும். எரிந்தால் சமையல் எண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவுங்கள். வெறும் தண்ணீருக்கு அது போகாது. பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய் தடவிய இடத்தில் 12 மணி நேரமாவது வெயில் படக்கூடாது. யூகலிப்டஸ், புதினா எண்ணெய்களைக் கைக்குழந்தையின் முகத்தருகே கொண்டுபோகவே வேண்டாம், மூச்சுத் திணறலாம்.