மட்டக்களப்புல பழைய இடங்கள் பாக்க வாறவங்க விடுற பிழைகள்

கனபேர் பாசிக்குடாவுல குளிச்சிட்டு, அப்பிடியே டவுனுக்குள்ள வந்து கோட்டைய ஒருக்கா எட்டிப் பாத்துட்டுப் போவம் எண்டு வாறாங்க, அதுவும் நடுப்பகல் மொட்டை வெயிலுக்க. வாசல்ல நிண்டு ரெண்டு செல்பி, முடிஞ்சிது. இதுதான் முதல் பிழை, எனக்கு மிச்சம் கவலையான பிழையும் இதுதான்.

டச்சுக் கோட்டை எண்டு எல்லாரும் சொன்னாலும் 1628ல கட்டினது போர்த்துக்கீசர். 1638ல ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், கண்டி ராசா ரெண்டாம் இராஜசிங்கனோட சேந்து பிடிச்சாங்க, இலங்கையில போர்த்துக்கீசர்ட்ட இருந்து அவங்க பிடிச்ச முதல் கோட்டையே இதுதான். இதைத் தெரிஞ்சிக்கிட்டு உள்ளுக்க போனா பாக்கிற பார்வையே மாறும். ரெண்டு பக்கம் வாவி, மத்த ரெண்டு பக்கம் அகழி, மூலைக்கு மூலை கொத்தளம், பழைய பீரங்கி, இதெல்லாம் ஆறுதலா நடந்து பாக்கணும். காலையிலயோ பின்னேரம் வெயில் தாழ்ந்தாப் பிறகோ வாங்க. கனகாலமா கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இதுக்குள்ளதான் இயங்கினது, காணி அலுவல் பென்சன் அலுவல் எண்டு எங்கட சனம் கால்கடுக்க நிண்ட இடம், அதனால சுவர்ல பேர் கீறுறது, பீரங்கிக்கு மேல ஏறி இருக்கிறது எல்லாம் தயவுசெஞ்சி வேணாம். உள்ளுக்க இரிக்கிற சின்ன மியூசியத்தையும் பாக்காம போகாதீங்க, பூட்டி இரிந்தா பக்கத்துல கேட்டுப் பாருங்க.

அடுத்தது, கோட்டை இரிக்கிற புளியந்தீவுல கோட்டையோட எல்லாம் முடிஞ்சிது எண்டு நினைக்கிறது. காந்தி பூங்காப் பக்கம் வில்லியம் ஓல்ட் பாதிரியார்ட சிலை இரிக்கு, அதை ஆருமே நிண்டு பாக்கிறதில்ல. 1814ல இஞ்ச வந்து, இப்ப மெதடிஸ்த மத்திய கல்லூரியா இரிக்கிற பள்ளிக்கூடத்தத் தொடங்கி, அடுத்த வருசமே செத்துப் போன மனுசன். அந்தப் பள்ளிக்கூடம் இப்பவும் நடக்குது, பழைய கட்டடம் பாக்கணும் எண்டு பாட நேரத்துல கேட்டுக்குள்ள நுழையக் கூடாது, ஒபிஸ்ல போய் பெர்மிஷன் கேக்கணும்.

கல்லடிக்குப் போறவங்க புதுப் பாலத்துல வாகனத்துல பறந்துடுறாங்க. பக்கத்துல இரிக்கிற பழைய இரும்புப் பாலம் 1924ல திறந்தது, அதுல நடந்து போங்க. வாவிக்குள்ள இருந்து பாட்டுமாதிரி கேக்கிற பாடுமீன் சத்தத்தக் கேக்கணும் எண்டு பகல்ல வந்து வாகனச் சத்தத்துக்க காதக் குடுத்துட்டு ஏமாந்து போறாக்களும் இரிக்காங்க. அது பௌர்ணமியை அண்டின ராவுல, வாவி அசையாம கிடக்கக்க, தோணியில போய் துடுப்புத் தண்டைத் தண்ணிக்க விட்டு மறுமுனையில காத வச்சிக் கேக்கிறது, அதுக்கு பங்குனிக்குப் பிறகு வாற மாசங்கள்தான் நல்லம். பாலம் தாண்டினா சுவாமி விபுலானந்தர்ட சமாதி. அந்தப் பக்கம் போய் அதைப் பாக்காம திரும்புறது பெரிய பிழை, யாழ் நூல் எழுதின மனுசன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல முதல் தமிழ்ப் பேராசிரியர், ஒள்ளுப்ப நேரமாவது நிண்டு பாருங்க.

கொக்கட்டிச்சோலை தான்தோன்றீச்சரம் சிவன் கோயிலுக்குப் போறாக்கள் காற்சட்டை, கையில்லாத சட்டையோட போகாதீங்க, ஆம்பிளையள் மேல் சட்டையக் கழட்டணும், உள்ளுக்க படம் பிடிக்க முதல் கேளுங்க. முந்தி ஓடம் ஏறிப் போகணும், 2014ல மண்முனைப் பாலம் திறந்தாப் பிறகு லேசு.

இன்னொண்டு, அதே நாள் தீகவாபி எண்ட பழைய புத்த விகாரையையும் பாத்துடலாம் எண்டு பிளான் போடுறது. அது அம்பாறை மாவட்டம், காத்தான்குடி, கல்முனை, காரைதீவு எல்லாம் தாண்டிப் போற பயணம், அதுக்கு தனியா ஒரு நாள் ஒதுக்குங்க. அங்க செருப்பும் தொப்பியும் கழட்டணும், வெள்ளை உடுப்பு நல்லம், புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நிண்டு செல்பி எடுக்கவே கூடாது, இலங்கையில அது பொலிஸ் வரைக்கும் போற விசயம். ட்ரோன் கொண்டு வாறவங்களும் அனுமதி எடுக்காம பறக்க விடாதீங்க. வெள்ளிக்கிழமை அந்த ரோட்டால போறதெண்டா ஜும்ஆ தொழுகை நேரம் காத்தான்குடிக்குள்ள சனம் கூட, அதுக்கு முதலே வெளிக்கிட்டுடுங்க.