கேட், பீரோவுக்கு ஸ்ப்ரே பெயிண்ட்: கன்னைக் கையாளும் முறையும் கழுவும் முறையும்

பெயிண்ட் சரியாக விழவில்லை என்றதும் பலர் கன்னின் திருகுகளை இப்படியும் அப்படியும் திருக ஆரம்பித்துவிடுகிறார்கள். பாதி நேரம் கோளாறு அங்கே இருக்காது. டேங்கில் தேங்கிய தண்ணீர், வடிகட்டாத பெயிண்ட், ஒல்லி ஹோஸ் என்று எங்கோ பின்னால் இருக்கும். இங்கே சொல்வது கிரில் கேட், ஸ்டீல் பீரோ, மரக்கதவு ஆகியவற்றுக்கு அடிக்கும் சாதாரண கம்ப்ரஸர் கன்னைப் பற்றி. சுவருக்கு அடிக்கும் ஏர்லெஸ் மெஷின் வேறு ஜாதி, அதன் ஆபத்தும் வேறு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

காற்றிலிருந்து தொடங்குங்கள்

காலையில் வேலையைத் தொடங்கும் முன் டேங்கின் அடியில் உள்ள டிரெய்ன் வால்வைத் திறந்து தண்ணீரை விட்டுவிடுங்கள். காற்றை அழுத்திவிட்டு ஆறவிட்டால் அதிலுள்ள ஈரம் தண்ணீராக இறங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒருமுறை திறந்தால் போதாது. மதியமும் மாலையும் திறக்க வேண்டும். வெளியே வரும் தண்ணீரையும் கவனியுங்கள். பழுப்பாக வந்தால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. பால் மாதிரி கலங்கி வந்தால் ஆயில் கலந்து வருகிறது: ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருப்பார்கள், அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். அந்த ஆயில்தான் பின்னால் பீரோ கதவில் சின்னச் சின்ன வட்டக்குழிகளாக, மீன்கண் போலத் தெரியும்.

சேஃப்டி வால்வின் வளையத்தை வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று சீறி வர வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும். இறுகிப்போன வால்வோடு கம்ப்ரஸரை ஓட்டாதீர்கள். துரு தின்று ஓட்டை விழுந்த டேங்கில் பேட்ச் வைத்து வெல்டிங் அடிப்பதும் வேண்டாம். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் சுற்றிலும் தகடு மெலிந்துவிட்டது என்று அர்த்தம்.

1 எச்.பி. கம்ப்ரஸர் நிமிடத்துக்குச் சுமார் 4 கன அடி காற்றுதான் தரும். பெரும்பாலான கன்கள் அதைவிட அதிகம் கேட்கும். அதனால்தான் கதவின் மேல்பாதி கண்ணாடி மாதிரியும் கீழ்பாதி சொரசொரப்பாகவும் வருகிறது. சின்ன கம்ப்ரஸர்தான் இருக்கிறது என்றால் ஒரு பலகை முடித்ததும் நிறுத்தி, டேங்க் நிறையும்வரை காத்திருங்கள். ஹோஸின் உள்விட்டம் 8 மி.மீ. இருக்கட்டும், நீளம் 10 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

நாசில் என்பது பெயிண்ட் வெளியே வரும் முனை; பி.எஸ்.ஐ. என்பது அழுத்தத்தின் அளவு. மேலே கப் உள்ள 1.4 மி.மீ. நாசில் கன்னுக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. போதும். கீழே கப் தொங்கும் 1.8 மி.மீ. கன்னுக்கு 40 முதல் 50. இந்த அளவைக் கன்னின் அடியில் கேஜ் மாட்டி, டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடி பார்க்க வேண்டும். டிரிக்கரை விட்ட நிலையில் கேஜ் காட்டும் எண் வெறும் அலங்காரம்.

பெயிண்ட் கலக்குவது

கண் மதிப்பில் தின்னர் ஊற்றுவதுதான் பெயிண்ட் வழிவதற்கு முதல் காரணம். பெயிண்டின் பதத்தை அளக்கும் பி4 ஃபோர்டு கப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடித்துளையை விரலால் மூடிக் கப்பை நிரப்பி, விரலை எடுத்ததிலிருந்து கம்பி போல விழும் ஓட்டம் அறும்வரை விநாடியை எண்ண வேண்டும். மேல்கோட்டுக்கு 18 முதல் 22 விநாடி வந்தால் நல்ல பதம். எனாமல் என்றால் லிட்டருக்கு 150 முதல் 200 மி.லி. மினரல் டர்பன்டைன். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கருக்குக் கிட்டத்தட்ட சரிபாதி தின்னர். ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டுக்கு டின்னில் போட்டிருக்கும் விகிதம்தான். அங்கே கைப்பக்குவம் செல்லாது. எனாமல் அடித்த பரப்பின்மேல் என்.சி. அடித்தால் கீழ்க்கோட் சுருண்டு எழும்பும். பிறகு மொத்தத்தையும் சுரண்ட வேண்டியதுதான்.

கலந்ததைப் பழைய நைலான் புடவைத் துணியில் வடிகட்டித்தான் கப்பில் ஊற்ற வேண்டும்.

அடிப்பது

முதலில் ஒரு அட்டையில் அடித்துப் பாருங்கள். பரப்புக்கும் கன்னுக்கும் இடையே 6 முதல் 8 அங்குலம், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. மணிக்கட்டை விசிறி மாதிரி ஆட்டாமல், தோளிலிருந்து கை முழுவதும் நகர வேண்டும். பலகையின் ஓரத்துக்கு முன்பே கை நகரத் தொடங்கி, ஓரத்தில் டிரிக்கரை அழுத்தி, மறு ஓரம் தாண்டியதும் விடுங்கள். கை நின்ற இடத்தில் அழுத்தினால் அங்கே வழியும். ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையின் பாதியை மூட வேண்டும். கிரில் கம்பிகளுக்கு, பெயிண்ட் விரிந்து விழும் விசிறி அகலத்தைக் குறைத்து, பெயிண்ட் வரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கம்பியில் பாதி, காற்றில் பாதி.

அட்டையில் விழும் வடிவத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் மெக்கானிக்கைத் தேட வேண்டியதில்லை. நீள்வட்டமாக, ஓரங்கள் மெலிந்து விழுந்தால் நலம். நடுவில் மட்டும் திட்டாக விழுந்தால் பெயிண்ட் கெட்டி, அல்லது காற்று குறைவு. நடுவில் இடுப்பு ஒடுங்கி இரண்டு முனையும் பருத்தால் காற்று அதிகம். பிறை வடிவில் ஒரு பக்கம் வளைந்தால் ஏதோ ஒரு துளை அடைத்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க, நாசிலின் முன்னால் உள்ள காற்று மூடியான ஏர் கேப்பைப் பாதிச் சுற்றுத் திருப்பி மறுபடி அடியுங்கள். பிறையும் கூடவே திரும்பினால் அடைப்பு ஏர் கேப்பில். அப்படியே நின்றால் நாசிலில்.

விட்டு விட்டுத் துப்பினால் பெயிண்ட் பாதையில் எங்கோ காற்று புகுகிறது. கப்பில் பெயிண்ட் குறைந்திருக்கலாம், நாசில் தளர்ந்திருக்கலாம், நாசிலைத் திறந்து மூடும் ஊசியான நீடிலைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் காய்ந்திருக்கலாம். கப் மூடியிலுள்ள ஊசித்துளை அடைபட்டாலும் பெயிண்ட் வரத்து திணறும். பெரும்பாலும் அந்தத் துளைதான், அதை யாரும் பார்ப்பதில்லை.

மழை நாளில் என்.சி. அடித்ததும் வெள்ளை பூத்துப்போவது கன்னின் குற்றமல்ல. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரைக் கொஞ்சம் சேர்த்தால் சரியாகும். மழை விடும்வரை காத்திருந்தால் இன்னும் நல்லது.

கழுவுவது

வேலை முடிந்த பத்து நிமிடத்துக்குள் கழுவ வேண்டும். ஹார்டனர் கலந்த பி.யு. என்றால் உடனே. டீ குடித்துவிட்டு வந்து கழுவலாம் என்று வைத்த கன்கள்தான் கடைக்காரருக்கு வருமானம்.

மீதிப் பெயிண்டைக் கொட்டிவிட்டு 100 மி.லி. தின்னர் ஊற்றி, கப்பைக் குலுக்கி, காற்றைக் குறைத்து வைத்து ஒரு பழைய டின்னுக்குள் அடித்துவிடுங்கள். இன்னொரு 100 மி.லி. புதுத் தின்னர் ஊற்றித் திரும்பச் செய்யுங்கள். இந்த முறை தெளிவாக வர வேண்டும். பிறகு ஹோஸைக் கழற்றுங்கள். பின்பக்க நாபைத் திருகி ஸ்பிரிங்கை எடுத்து, நீடிலை நேராகப் பின்னால் உருவுங்கள். ஏர் கேப்பைக் கழற்றி, அதன்பிறகு நாசில். இந்த வரிசை முக்கியம்: நீடில் உள்ளே இருக்கும்போது நாசிலைத் திருகினால் நீடிலின் முனையும் நாசிலின் உட்காரும் இடமும் உரசித் தேயும். மாட்டும்போது இதன் தலைகீழ்: நாசில் முதலில், நீடில் கடைசியில்.

ஏர் கேப்பையும் நாசிலையும் தின்னரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். துளை அடைத்திருந்தால் ஈர்க்குச்சியைச் சீவிக் குத்துங்கள். குண்டூசி, கம்பி, டிரில் பிட் எதுவும் கூடாது. பித்தளையில் ஒரு கீறல் விழுந்தால் பிறகு அந்தத் துளை ஜென்மத்துக்கும் நேராக அடிக்காது. முழுக் கன்னையும் இரவெல்லாம் தின்னரில் போட்டு வைப்பது இன்னொரு பழக்கம். பேக்கிங்குகள் காய்ந்து சுருங்கும், கிரீஸ் கரையும், பெயிண்ட் கலந்த தின்னர் காற்றுப் பாதைக்குள்ளும் போய் உறையும்.

மாட்டும்போது நீடில் பேக்கிங்கிலும் டிரிக்கர் அச்சிலும் ஒரு சொட்டு மெஷின் ஆயில், ஸ்பிரிங்கில் துளி வாஸ்லின். சிலிக்கான் கலந்த ஸ்ப்ரேயை மட்டும் கிட்டவே கொண்டுவராதீர்கள். மறுநாள் மீன்கண் வரும்.

மூச்சும் நெருப்பும்

மூக்கில் கட்டும் துண்டோ, துணி மாஸ்க்கோ, என்-95ஓ தின்னர் ஆவியைத் தடுக்காது. கரித்தூள் கேட்ரிட்ஜும் அதன்மேல் தூசி ஃபில்டரும் உள்ள மாஸ்க் வேண்டும். மாஸ்க்குக்குள் தின்னர் வாசனை வந்தால் கேட்ரிட்ஜ் முடிந்துவிட்டது, அல்லது தாடியால் விளிம்பு ஒட்டவில்லை. பி.யு. ஹார்டனர் விஷயத்தில் வாசனையை நம்பவே கூடாது. அதிலுள்ள ஐசோசயனேட் மூக்குக்குத் தெரியாமலே நுரையீரலுக்குப் போய் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கும். அதை அடிக்க வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் மாஸ்க்தான் சரி.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து போய் பக்கத்து வெல்டிங் பொறியைத் தொடும். அடிக்கும் இடத்தில் சுவிட்ச் போடுவது, கிரைண்டிங், பீடி எதுவும் கூடாது. கம்ப்ரஸரைச் சுவருக்கு அந்தப் பக்கம், காற்று வரும் திசையில் வையுங்கள். எனாமல் துடைத்த பனியன் வேஸ்ட்டைக் குவித்து மூலையில் போடாதீர்கள். அதிலுள்ள எண்ணெய் காயும்போது சூடேறி, யாரும் இல்லாத நேரத்தில் தானாகப் பற்றும். தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் போட்டு மூடி வையுங்கள். தின்னரில் கை கழுவுவதை விடுங்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போட்டாலே பெயிண்ட் போகும்.

ஏர்லெஸ் மெஷின்

இதில் காற்று கிடையாது. பெயிண்டையே 3000 பி.எஸ்.ஐ. வரை அழுத்தித் தள்ளுகிறது. பெயிண்ட் வெளிவரும் முனையான டிப்பில் 517 என்று இருந்தால், முதல் எண்ணை இரட்டிப்பாக்கினால் வரும் 10 அங்குலம் விசிறி அகலம்; அடுத்த இரண்டும் துளையின் அளவு, 0.017 அங்குலம்.

அடைத்த டிப்பைத் தொடும் முன் மோட்டாரை அணைத்து, கன்னை உலோக வாளியின் விளிம்பில் அழுத்திப் பிடித்தபடி டிரிக்கரை இழுத்து அழுத்தத்தை விடுங்கள். டிரிக்கர் லாக்கைப் போட்டு, மிச்ச அழுத்தத்தை வெளியேற்றும் பிரைம் வால்வையும் திறந்துவிடுங்கள். விரலை வைத்து அடைப்பைப் பார்ப்பதும், கசியும் ஹோஸைக் கையால் தடவிப் பார்ப்பதும் விரலையே இழக்கவைக்கும். இந்த அழுத்தத்தில் பெயிண்ட் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே தெரிவது எறும்பு கடித்த அளவுப் புள்ளிதான். வலியும் முதல் சில மணி நேரம் அதிகம் இருக்காது, அதனால்தான் ஆட்கள் கட்டுப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். உள்ளே சதை அழுகிக்கொண்டிருக்கும். அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். வெறும் வெட்டுக்காயம் என்று சொல்லாமல் அழுத்தத்தில் பெயிண்ட் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள். கையோடு பெயிண்ட் டின்னையும் கொண்டுபோங்கள். உள்ளே போனது என்ன என்று மருத்துவருக்கு அந்த லேபிளைப் பார்த்தால்தான் தெரியும்.