சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மா குறைத்த கோவாப் புட்டு

கிளினிக்கில் "மாச்சாப்பாட்டைக் குறையுங்கோ" என்று சொன்னதும் யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் மாறுவது இரவுப் புட்டு. அரிசிமா போய்க் குரக்கன் (கேழ்வரகு) மா வரும். கோப்பையில் போடும் அளவு மட்டும் அப்படியே இருக்கும். மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்தால் சீனி இறங்கியிருக்காது.

காரணம் எளிய கணக்கு. 100 கிராம் அரிசிமாவில் ஏறக்குறைய 80 கிராம் மாச்சத்து. கோதுமை மாவில் 75. ஆட்டா மா, குரக்கன் மா இரண்டிலும் 70 அளவு. ஒருவர் வயிறாரச் சாப்பிடும் புட்டுக்கு 120 கிராம் மா போகும் என்றால், அரிசிமாவில் 96 கிராம் மாச்சத்து, குரக்கனில் 84. மிச்சம் பிடித்தது 12 கிராம், ஒரு துண்டுப் பாணில் உள்ளதைவிடக் குறைவு. குரக்கனில் நார்ச்சத்துக் கூட, அது நல்லதுதான். ஆனாலும் 84 கிராம் மாச்சத்து உடம்புக்குள் போனால் சீனி ஏறத்தான் செய்யும். ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவும் விலக்கில்லை. பனையில் இருந்து வந்தது என்பதற்காக அது கணக்கில் வராமல் போகாது.

ஆகவே எந்த மா என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, எத்தனை கிராம் மா என்று பாருங்கள். கோப்பை நிறையவும் வேண்டும், மா பாதியாகவும் வேண்டும் என்றால் இடைவெளியை மரக்கறியால் நிரப்ப வேண்டும். கீரைப் புட்டும் மரக்கறிப் புட்டும் எங்களுக்குப் பழக்கமானவை. அவற்றில் மாவுக்குள் கொஞ்சம் மரக்கறி போடுவோம். இங்கே மரக்கறிக்குள், அதாவது கோவாவுக்குள் (முட்டைக்கோஸ்), கொஞ்சம் மா.

அடுப்பைப் பற்ற வைக்கமுன் ஒரு விடயம், இதைத் தாண்டிப் போக வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போன்ற குளிசை எடுப்பவர்கள் மாச்சத்தைத் திடீரென்று பாதியாக்கினால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். முதலில் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டி, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் எடுப்பவர்கள் கேட்காமல் மாச்சத்தை வெகுவாகக் குறைக்கவே கூடாது. இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு, அப்போது சீனி அளவு வழமைபோலத் தெரியவும் கூடும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு மீன், கீரை அளவுகள் வேறு. மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சீனி இறங்கும் பயம் குறைவு.

இரண்டு பேருக்கு வேண்டியவை: கோவா 250 கிராம், குரக்கன் மா 60 கிராம், தேங்காய்ப்பூ 80 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி. இறுக்கமான, பாரமான கோவாவாகப் பாருங்கள். குரக்கன் இல்லையென்றால் வறுத்த அரிசிமா 60 கிராம் போடலாம், ஒருவருக்கு 3 கிராம்தான் கூடும். 20 கிராம் குரக்கனை எடுத்துவிட்டு அதற்குப் பதில் வறுத்த உழுத்தம்மா சேர்த்தால் புரதம் கூடும், வாசமும் நன்றாக இருக்கும். உழுத்தம்மா அதற்கு மேல் போனால் புட்டு ஒட்டும்.

அளப்பதற்கு மின்தராசு வாங்கிவிடுங்கள். சுண்டு, கரண்டிக் கணக்கு இந்த வேலைக்கு உதவாது. அழுத்தி நிரப்பிய சுண்டுக்கும் தளர்வாக நிரப்பியதற்கும் மாவின் நிறை நன்றாகவே வேறுபடும். இந்தப் புட்டில் முழுக் கணக்கும் அந்த மாவில்தான் இருக்கிறது.

கோவாவைத் துருவியின் சிறிய கண்ணில் துருவுங்கள். மிக்சியில் போட வேண்டாம். மிக்சி கோவாவை நசித்துச் சாறாக்கும், பிறகு எவ்வளவு பிழிந்தாலும் களிதான் வரும். துருவியதில் உப்பைப் பிசறி 10 நிமிடம் வையுங்கள்.

இனி வருவதுதான் பலருக்கும் பிழைக்கும் இடம். உப்புப் பட்ட கோவா தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரோடு மாவைச் சேர்த்தால் மா அதைக் குடித்துப் பசையாகிவிடும். பசையைச் சரிசெய்ய இன்னும் மா போடுவோம், 60 கிராம் 100 கிராமாகிவிடும், செய்த வேலை வீண். ஆகவே மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, முறுக்கி, இனிச் சொட்டு விழாது என்னும் வரை பிழியுங்கள். கையால் பிழிவது போதாது. பிழிந்த சாற்றை ஊற்ற வேண்டாம், சொதிக்குப் போகலாம். அதில் உப்பு இருப்பதால் சொதிக்கு உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

பிழிந்த கோவாவை அகலமான சட்டியில் உதிர்த்துவிட்டு, மாவை மூன்று தரமாகத் தூவி, விரல் நுனியால் பிசறுங்கள். சுடுதண்ணீர் விடக்கூடாது. வழமையான புட்டுக்குப் பழகிய கை கேத்தலைத் தேடும், விடாதீர்கள். கோவாவில் எஞ்சியிருக்கும் ஈரமே இந்த மாவுக்குப் போதும். ஒரு பிடி அள்ளிப் பொத்திப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். நிற்காமல் தூளாகக் கொட்டுப்பட்டால் பிழிந்த சாற்றில் ஒரு தேக்கரண்டி தெளியுங்கள். கட்டி விழுந்தால் பேணியின் விளிம்பால் கொத்திவிடலாம். தேங்காய்ப்பூவைக் கடைசியில் சேருங்கள். முதலே போட்டால் அதன் எண்ணெய் மாவில் படிந்து, மா கோவாவோடு பிடிக்காது.

அவிக்க ஓலையால் பின்னிய நீத்துப்பெட்டியே சிறந்தது. குழலில் புட்டு அமுங்கி இறுகும், கோவாவின் ஈரம் வெளியேற வழியிராது. ஓலைப் பின்னலில் நாலாபக்கமும் ஆவி போய் வரும், மிஞ்சிய ஈரத்தையும் ஓலை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். குழல்தான் இருக்கிறது என்றால் பாதிக்குத்தான் நிரப்ப வேண்டும், அழுத்தக்கூடாது. தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகு பெட்டியை வைத்து 12 நிமிடம். இறக்கியதும் அகலமான தட்டில் கொட்டிப் பரப்புங்கள். மூடி வைத்தால் வியர்த்து நசநசத்துப்போகும்.

இதில் ஒருவரின் பங்குக்கு 30 கிராமுக்கு உட்பட்ட மாச்சத்துத்தான் வரும். அரிசிமாப் புட்டின் உதிரித்தன்மை முழுதாக வராது, சற்று மென்மையாக இருக்கும். வீட்டில் முகம் சுளிப்பார்கள் என்றால் முதல் வாரம் 100 கிராம் மாவில் தொடங்கி இறங்கி வாருங்கள்.

புட்டோடு என்ன சாப்பிடுகிறோம் என்பதும் சேர்ந்துதான் சீனியைத் தீர்மானிக்கிறது. சுறா வறை, மீன் குழம்பு, கணவாய்க் கறி, முட்டைப் பொரியல் எதற்கும் தடையில்லை. முதலில் வறையையும் மீனையும் சாப்பிட்டுவிட்டுப் புட்டுக்கு வந்தால் சீனி ஏறுவது மெதுவாகும். சொதியில் உருளைக்கிழங்கை விட்டுவிட்டு முருங்கைக்காயும் தக்காளியும் போடுங்கள். தேங்காய்ப்பால் பிரச்சினை இல்லை, ஆனால் பைக்கற்றில் வரும் தேங்காய்ப்பால் மாவின் பின்பக்கத்தை வாசியுங்கள். பலவற்றில் மோல்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்திருப்பார்கள், அதுவும் மாச்சத்துத்தான், வேகமாகச் சீனியாகும். வாழைப்பழமும் சீனியும் சேர்த்துப் புட்டுக் குழைத்துச் சாப்பிடும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றிலேயே 25 கிராம் அளவு மாச்சத்து உண்டு, ஒரு பங்கு புட்டின் கணக்கு அதோடு முடிந்துவிடும்.

இடியப்பத்துக்கு மாற்று என்று சொல்ல எதுவுமில்லை, எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும். 100 கிராம் அரிசிமாவில் உங்கள் உரல் எத்தனை இடியப்பம் பிழிகிறது என்று ஒருநாள் எண்ணுங்கள். 80ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு இடியப்பத்தின் மாச்சத்து வந்துவிடும்.

ஒடியற் கூழ் உண்மையில் நல்ல சாப்பாடு. மா அதில் தடிப்பாக்குவதற்கு மட்டும்தான், மிச்சம் எல்லாம் மீன், நண்டு, இறால், கீரை. நாலு பேருக்கு 100 கிராம் ஒடியல் மா, மரவள்ளிக்கிழங்கும் பலாக்கொட்டையும் வேண்டாம், பயற்றங்காய் கூடப் போடலாம். தேத்தண்ணிக்குச் சீனியை விட்டுப் பனங்கட்டி கடிப்பவர்கள் கவனியுங்கள், பனங்கட்டியின் பெரும்பகுதி சீனியே. பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்யும் பினாட்டும் அப்படித்தான்.

இதெல்லாம் உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்று குளுக்கோமீற்றரிடம் கேளுங்கள். சாப்பிடமுன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததில் இருந்து இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தடவை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது அளவு 180 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். உங்களுக்கென்று வைத்தியர் வேறு இலக்குச் சொல்லியிருந்தால் அதுவே சரி. குத்தமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். பழம் தொட்ட விரல் பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும்.

பின்சேர்ப்பு: வாசித்துச் செய்து பார்த்தவர்கள் கேட்டவற்றுக்காக இது. கோவா வாயு என்பவர்கள் முருங்கை இலை 100 கிராமைப் பொடியாக அரிந்து போடலாம். அதற்கு உப்புப் போட்டுப் பிழிய வேண்டாம், அதற்குப் பதில் சுடுதண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி தெளிக்க வேண்டிவரும், புட்டின் அளவும் குறையும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பாரின் குளிசை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டக்கூடாது, வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

இரவு இரண்டு மணிக்குப் பசித்து எழும்புகிறது என்று சிலர். மீனும் முட்டையும் போதாமல் வெறும் புட்டும் சம்பலும் சாப்பிட்டால் அப்படி வரும். ஆனால் வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு சேர்ந்து வந்தால் அதைப் பசி என்று விட்டுவிடாதீர்கள். உடனே குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். குறைவாகவே இருந்தால் மீண்டும் அதே அளவு. அடுத்த நாளே மருந்தைப் பற்றிக் கதைக்க வைத்தியரிடம் போங்கள்.

மிஞ்சிய புட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். அடுத்த நாள் நீத்துப்பெட்டியில் 4 நிமிடம் ஆவி காட்டினால் போதும், இரண்டாம் நாளுக்குக் கோவா மணக்கத் தொடங்கும்.