கொழும்பிலிருந்து 60 டெஸ்லாவுக்கு: காந்த நேரம் கேட்பது எப்படி

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பிரான்சின் துலூஸ் நகரிலுள்ள ஆய்வுக் காந்தத்தில் அளக்க நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். தாராளமாக. துலூஸ் உட்பட நான்கு நகரங்களில் இயங்கும் ஐரோப்பிய காந்தப்புல ஆய்வகத்தில், விண்ணப்பம் தேறினால் காந்த நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

படி 1: தேவையா? டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு; ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. 1.5 அல்லது 3 டெஸ்லாதான். 9, 14 டெஸ்லா போதுமென்றால் இந்தியாவிலேயே அளந்துவிடலாம். அந்தக் குறைந்த புலத் தரவு கையில் இல்லாமல் விண்ணப்பம் எழுதவே வேண்டாம்.

படி 2: இடம். கிரெனோபிள் (பிரான்ஸ்), நைமேகன் (நெதர்லாந்து) இரண்டிலும் நிலையான புலம். காந்தத்துக்கு 20 மெகாவாட் அளவில் மின்சாரம் போகும். (2022 மின்வெட்டு நாட்களில் இதை வாசித்து வயிறெரிந்தேன்.) துலூஸிலும் ஜெர்மனியின் டிரெஸ்டனிலும் துடிப்புப் புலம்: 60 டெஸ்லாவைத் தாண்டலாம், ஆனால் மில்லிசெக்கன்களில் முடிந்துவிடும். ஆண்டுக்கு இரு தடவை விண்ணப்பம் கோருவார்கள். அனுப்புமுன் அங்குள்ள விஞ்ஞானி ஒருவருக்கு மின்னஞ்சல் போட்டுக் கதைத்துவிடுங்கள்.

படி 3: மாதிரி, அதாவது அளக்கப்போகும் பொருள். நான் சறுக்கியது இங்கேதான். துடிப்பில் புலம் ஏறும்போது அளவீட்டில் ஒரு வளைகோடு, இறங்கும்போது வேறொன்று. புதிய காந்த நிலை என்று துள்ளினேன். கடைசியில் பார்த்தால் வெறும் சூடு! என் மாதிரி ஓர் உலோகம்; புலம் வேகமாக மாறும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் ஓடிக் காய்ந்துவிடுகிறது. இந்தச் சூடு புலம் மாறும் வேகத்தின் வர்க்கத்தோடும், புலத்துக்குக் குறுக்கான தடிப்பின் வர்க்கத்தோடும் கூடும். தடிப்பைப் பாதியாக்கினால் ஒரே கனவளவில் சூடு கால்வாசி. ஆகவே மெல்லியதாகத் தேயுங்கள், இன்னும் தேயுங்கள். சந்தேகமா? உச்சப் புலத்தைக் குறைத்து ஒரு துடிப்பு விட்டுப் பாருங்கள். இரு வளைகோடுகளுக்கும் இடையிலான இடைவெளியும் சுருங்கினால் முதலில் சூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். காந்தச் சுருள் ஆற அடுத்த துடிப்புவரை ஒரு மணி நேரமளவு காத்திருக்க நேரும், அதனால் இதை முதல் நாளே செய்யுங்கள்.

கம்பி இணைக்க ஈயப் பற்று வேண்டாம், வெள்ளிப் பசைதான் என் கட்சி. கம்பிகளை இறுக்கி முறுக்குங்கள். விரிந்து கிடக்கும் வளையம் புலமாற்றத்தை மின்னழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

படி 4: அழைப்புக் கடிதம் வந்த அன்றே வீசாவுக்குத் திகதி எடுங்கள்.

பிற்சேர்க்கை: தூள் மாதிரி வைத்திருந்த ஒரு வாசகரின் தரவு ஒவ்வொரு துடிப்புக்கும் மாறியதாம். துகள்கள் புலத்தில் திரும்பிவிடும். மெழுகிலோ எபொக்சியிலோ உறையவைத்துவிட்டு அளக்கச் சொன்னேன், சரிவந்துவிட்டது.