டிரவுட், செம்மறி, கோழி: வளர்ச்சி ஹார்மோன் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அவலாஞ்சியில் ரெயின்போ டிரவுட், சாண்டிநல்லாவில் நீலகிரி செம்மறி, வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழி. நீலகிரியில் விலங்கியலோ கால்நடை மருத்துவமோ படிப்பவர்களுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க மூன்று வகை முதுகெலும்பிகள் ஒரே மாவட்டத்தில் கிடைக்கின்றன. மனிதனுக்கு வரைந்த பாடநூல் படத்தை மூன்றின் மேலும் அப்படியே ஒட்டுவதில்தான் தவறு தொடங்குகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து வரும் இரண்டு ஹார்மோன்களில், பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோன் விடுவதை ஜி.எச்.ஆர்.எச் தூண்டும், சொமட்டோஸ்டாட்டின் தடுக்கும் என்பது அந்தப் படம். தடுக்கும் பாதி ஏறக்குறைய எல்லா இடத்திலும் பொருந்தும். தூண்டும் பாதிதான் விலங்குக்கு விலங்கு மாறுகிறது.

எலும்பு மீன்களில் ஹைப்போதலாமஸ் நரம்புகள் நேரே பிட்யூட்டரிக்குள் இறங்கிவிடுகின்றன; பாலூட்டிகளில் ஹைப்போதலாமஸ் ஹார்மோன்களைப் பிட்யூட்டரிக்குக் கொண்டுசேர்க்கும் போர்ட்டல் ரத்தக்குழாய் அமைப்பு அங்கே இல்லை. தங்கமீனில் டோபமின் என்ற நரம்பு வேதிப்பொருளும், இனப்பெருக்கத்தைத் தூண்டும் ஜி.என்.ஆர்.எச் ஹார்மோனும்கூட வளர்ச்சி ஹார்மோனைக் கூட்டும். ஆகவே சினைப்பருவ மீனையும் மற்ற மீனையும் ஒரே குழுவில் சேர்க்கக் கூடாது. பழைய கட்டுரைகளில் வரும் 'மீன் ஜி.எச்.ஆர்.எச்' பெரும்பாலும் வேறொரு பெப்டைடு (சிறு புரதத் துண்டு). உண்மையானது தங்கமீனிலும் வரிக்குதிரை மீனிலும் 2007-இல்தான் அடையாளம் காணப்பட்டது. மேற்கோள் காட்டுமுன் ஆண்டைப் பாருங்கள்.

கோழிக்குஞ்சில், தைராய்டைத் தூண்டும் ஹைப்போதலாமஸ் ஹார்மோனான டி.ஆர்.எச் தைராய்டோடு நிற்பதில்லை, வளர்ச்சி ஹார்மோனையும் ஏற்றும். இரைப்பையில் சுரக்கும் கிரெலினும் ஏற்றும், ஆனால் கோழிக்குத் தீனி எடுப்பதைக் குறைத்துவிடும். பாலூட்டிகளில் அது பசியைத் தூண்டும்.

அதிகம் நடக்கும் தவறு, ஒரே ஒரு ரத்த மாதிரியை நம்புவது. இந்த ஹார்மோன் துடிப்புத் துடிப்பாகச் சுரக்கிறது; மனித ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடம்தான். ஒரு மாதிரி மேட்டில் விழுந்ததா பள்ளத்தில் விழுந்ததா என்று எப்படித் தெரியும்? செம்மறியின் கழுத்துச் சிரையில் முந்தின நாளே குழாய் பொருத்தி, 15 நிமிடத்துக்கு ஒரு மாதிரி வீதம் குறைந்தது 6 மணி நேரம் எடுக்க வேண்டும். தீனி வைத்ததும் அளவு இறங்கும் என்பதால் தீனி நேரத்தை மாற்றாதீர்கள். சின்ன டிரவுட்டில் இது முடியாது. ஒரே வேளையில் பல மீன்களை மயக்கி, வால் சிரையிலிருந்து விரைவாக எடுத்து, குழுச் சராசரியைப் பார்ப்பதே வழி.

அளவு கூடியிருந்தால் நன்றாக வளர்கிறது என்று எழுதிவிடுவார்கள். பட்டினி கிடக்கும் டிரவுட்டிலும் செம்மறியிலும் அளவு கூடத்தான் செய்யும். வளர்ச்சி ஹார்மோனுக்குக் கல்லீரல் செவிசாய்க்காமல், அது சுரக்கும் வளர்ச்சிக் காரணியான ஐ.ஜி.எஃப்-1 குறைகிறது; வளர்ச்சி ஹார்மோனுக்கு ஐ.ஜி.எஃப்-1 போடும் கடிவாளமும் தளர்கிறது. எனவே இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டும். எலியிலோ பட்டினியில் துடிப்புகளே அடங்கிவிடும்; எலி ஆய்வின் முடிவை ஆட்டுக்குச் சொன்னால் தலைகீழாகிவிடும். இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கும் சோதனையும் அப்படித்தான்: மனிதனில் ஹார்மோன் எகிறும், செம்மறியில் எகிறாது.

ஆன்டிபாடி கொண்டு ஹார்மோனை அளக்கும், மனிதனுக்கான எலைசா கிட்டில் டிரவுட் பிளாஸ்மாவைப் போடுவது பண விரயம். அந்த ஆன்டிபாடி மீன் ஹார்மோனை அடையாளம் காணாது. மாட்டு ஹார்மோன் மீனை வளர்க்கும், ஆனால் மனித ஏற்பி (செல்லில் ஹார்மோன் ஒட்டும் புரதம்) அதை ஏற்காது. 1985 வரை குழந்தைகளுக்கு இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து ஹார்மோன் எடுத்ததற்கு அதுவே காரணம்.

பிராய்லருக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி என்ற பேச்சையும் திட்ட அறிக்கையில் சேர்க்காதீர்கள். அது புரதம், தீவனத்தில் கலந்தால் செரித்துப்போகும், ஊசியாக என்றால் திரும்பத் திரும்பப் போட வேண்டும். அப்படிப் போட்ட ஆய்வுகளிலும் பிராய்லரின் எடை பெரிதாகக் கூடவில்லை. அந்த வேகம் இனத்தேர்விலும் தீவனத்திலும் வந்தது.