டியூப்லைட்டில் வீடியோ அலையடிக்கிறதா?

வீட்டுக்குள்ளோ டீக்கடையிலோ போனில் குறும்படம் எடுத்தால், கேமராவை ப்ரோ வீடியோ மோடுக்கு (செட்டிங்கை நாமே மாற்றும் மோடு) மாற்றி ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/50 நொடியிலும் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம்) 25-லும் வைத்துவிடுங்கள். நம்மூர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/50 நொடியில் சரியாக இரண்டு மங்கல் அடங்கும். ஷட்டர் இப்படி அந்தக் கணக்கோடு ஒத்துப்போனால், சுவரில் மேலும் கீழும் ஓடும் கறுப்புப் பட்டைகள் விழாது. எடிட்டிங்கில் அதை எடுப்பது பெரும்பாடு.

மெரினா வெயிலுக்கு இது சரிவராது. 1/50-ல் வானமே வெளுத்துப்போகும், என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) மாட்டணும், இல்லையென்றால் விடிகாலையிலேயே போய்விடணும். டிம்மர் போட்ட மலிவு எல்.இ.டி.க்கும் இந்தக் கணக்கு செல்லாமல் போகலாம், அது தன் இஷ்டத்துக்கு மினுக்கும்.